100-இல் நின்ற ஜிகாபிட் போர்ட்: நானே பூட்டிய கணினியில் கம்பி இணைப்பைச் சரிசெய்த பதிவு

பழைய கேபினட்டுக்குள் புதிய மதர்போர்டு, புதிய பிராசசர், ராம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. பவர் சப்ளையும் பெரிய ஹார்ட் டிஸ்க்குகளும் ஏற்கெனவே இருந்தவை. வீட்டிலுள்ள மற்ற கணினிகளின் கோப்புகளை இரவில் காப்புப் பிரதி எடுத்து வைப்பதுதான் இந்தக் கணினியின் வேலை. நூற்றுக்கணக்கான ஜிபி நகர வேண்டியிருப்பதால் வைஃபையை நம்பவில்லை. நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து நேராக ஒரு கேபிள் சுவரோரமாக வந்து இதன் முதுகில் செருகப்படுகிறது. டெபியன் லினக்ஸ் பழைய டிஸ்க்கிலேயே இருந்தது. அதை அப்படியே மாட்டி, பவர் கொடுத்ததும் ஏறிவிட்டது. நெட்வொர்க் மட்டும் வரவில்லை.

நெட்வொர்க் சிப் கணினியின் கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்த்தேன். 'எல்எஸ்பிசிஐ' கட்டளை தந்த பட்டியலில் ஈதர்நெட் கன்ட்ரோலர் இருந்தது. அங்கே அது இல்லையென்றால் பயாஸுக்குள் போய் ஆன்போர்டு லேன் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளைத் தொட்டுப் பயனில்லை. இங்கே சிப் இருந்தது, டிரைவரும் ஏறியிருந்தது, ஐபி முகவரிதான் இல்லை. காரணம், போர்ட்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் மாறியிருந்தது. முன்பு இஎன்பி3எஸ்0, இப்போது இஎன்பி4எஸ்0. அந்தப் பெயரிலுள்ள எண்கள் பிசிஐ பஸ்ஸையும் ஸ்லாட்டையும் குறிப்பவை. மதர்போர்டு பலகை மாறினால் மட்டும் என்றில்லை, அதே பலகையில் ஒரு கிராபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ டிஸ்க்கையோ கூடுதலாகச் செருகினாலும் பஸ் எண் தள்ளிப்போகலாம். அமைப்புக் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை ஏதாவது செருகும்போது இது திரும்ப வரக்கூடாது என்பதால், மேக் முகவரியைப் (ஒவ்வொரு நெட்வொர்க் சிப்புக்கும் உரிய தனி எண்) பார்த்துப் பெயர் வைக்கும் சிறிய சிஸ்டம்டி (லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் அமைப்பு) கோப்பு ஒன்றை எழுதி, 'லேன்0' என்று நிலையான பெயர் கொடுத்துவிட்டேன்.

ரூட்டரிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இந்தக் கணினிக்கென்று ஒதுக்கிய ஐபி முகவரி பழைய பலகையின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருந்தது, புதியதை எழுதினேன். விண்டோஸில் இதே கட்டத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால், முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபி-யிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தனக்குத்தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த நிலையில் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) அமைப்பை மாற்றிப் பார்ப்பது வீண்.

சரி, முகவரி வந்தது. பிங் போனது. மென்பொருள் புதுப்பிப்புகளும் இறங்கின. போர்ட்டில் விளக்கு எரிந்தது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கேபினட்டை மூடிவிடுவார்கள், இணையத்துக்கு மட்டும் பயன்படுத்துகிற கணினியென்றால் அதில் தவறும் இல்லை. ஆனால் முதல் பெரிய கோப்பை நகலெடுத்தபோது வேகம் நொடிக்கு 11 எம்பியில் ஏறி, அங்கேயே நேர்கோடாக நின்றது.

இந்த 11 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒவ்வொரு ஃப்ரேமின் (தரவுப் பொட்டலத்தின்) தலைப்புத் தகவலுக்கும் ஃப்ரேம்களுக்கு இடையிலான இடைவெளிக்கும் போவதைக் கழித்தால் பதினொன்று சொச்சம்தான் மிஞ்சும். டிஸ்க் மெதுவாக இருந்தால் வேகம் மேலும் கீழும் ஆடும். 11-இல் ஆடாமல் நிற்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கையோ, கோப்புகளைப் பகிரும் மென்பொருளான சாம்பாவையோ அல்ல, இணைப்பின் வேகத்தை. 'எத்டூல்' கட்டளையை ஓட்டினேன். வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசலாம்), இணைப்பு உண்டு என்றது. போர்ட்டும் ஸ்விட்சும் ஜிகாபிட் தெரிந்தவை. இரண்டும் 1000 முடியும் என்று ஒன்றுக்கொன்று அறிவித்திருந்ததும் அதே பட்டியலில் தெரிந்தது. அப்படியிருந்தும் 100.

இது ஏன் நடக்கிறது என்பதுதான் இந்தப் பழுதின் மையம். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய ஜோடிகள். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு அவற்றில் இரண்டு ஜோடி போதும்: பிளக்கின் தொடர்பு முனைகளில் (பின்களில்) 1-2 ஒரு திசைக்கு, 3-6 மறு திசைக்கு. 1999-இல் ஐஇஇஇ 802.3ஏபி என்று வந்த ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் 250 மெகாபிட், அதுவும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த வேகத்தில் பேசலாம் என்று இரண்டு முனைகளும் பேசி முடிக்கும் ஆட்டோ நெகோஷியேஷன் 1-2, 3-6 ஜோடிகளில் மட்டுமே நடக்கிறது. 4-5 அல்லது 7-8 அறுந்திருந்தாலும் அந்தப் பேச்சுக்கு எந்தத் தடையும் வராது. இரு பக்கமும் 'ஜிகாபிட்' என்று ஒப்புக்கொள்ளும். பிறகு நான்கு ஜோடியிலும் சிக்னலைச் சரிபார்க்கும்போது இணைப்பு விழும். மறுபடி பேச்சு, மறுபடி ஒப்புதல், மறுபடி விழுகை. சில சிப்கள் இப்படியே சுழன்றுகொண்டிருக்கும். விளக்கு அணைந்து அணைந்து எரியும். வேறு சில சிப்கள் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

என் கணினி இரண்டாம் வகை. 'டிமெஸ்க்' பதிவில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது: பேசி முடித்த வேகம் 1 ஜிபிபிஎஸ், உண்மையில் கிடைத்தது 100 எம்பிபிஎஸ், டவுன்ஷிஃப்ட் நடந்திருக்கிறது, கேபிளைச் சோதிக்கவும். இவ்வளவு தெளிவான செய்தி எல்லா டிரைவரிலும் வராது. வந்தால் அதை நம்பலாம்.

இந்தக் கட்டத்தில் பலர் வேகத்தைக் கட்டாயப்படுத்திப் பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். முறுக்குக் கம்பியில் ஜிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். அதை அணைத்துவிட்டு 1000 வாங்க முடியாது. ஒரு பக்கத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆட்டோவில் இருக்கும் பக்கம் சிக்னலை வைத்து வேகத்தை மட்டும் கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸ் எதுவென்று தெரியாததால் ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசலாம்) என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் நினைத்தபோதெல்லாம் பேசும், மறுபக்கம் அதை மோதலாகக் கணக்கெடுக்கும். பிங் நன்றாகப் போகும், பெரிய கோப்பு நகராது. இருந்த பழுதோடு இன்னொரு பழுதைச் சேர்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது பிரித்துப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். அதே கேபிளின் முனையை ஒரு லேப்டாப்பில் செருகியதும் 1000 வந்தது. அப்படியென்றால் கேபிளிலும் ஸ்விட்ச் போர்ட்டிலும் நான்கு ஜோடியும் தொடர்போடு இருக்கின்றன. அடுத்து, கணினியை யூஎஸ்பியிலிருந்து வேறொரு லைவ் லினக்ஸில் ஏற்றினேன். அப்போதும் 100. ஆக, டெபியனின் அமைப்போ டிரைவர் பதிப்போ காரணமல்ல. இதே கணினியின் யூஎஸ்பி 3 துளையில் ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை மாட்டி, அதே கேபிளைச் செருகினேன். 1000. மீதமிருப்பது மதர்போர்டின் முதுகிலுள்ள அந்த ஒரு போர்ட் மட்டும்தான். அங்கேயும் பலகை பழுது என்று உடனே முடிவு கட்டவில்லை. பிளக், துளை, துளைக்குள் இருக்கும் எட்டுத் தொடர்புக் கம்பிகள், அதன் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கும் பின்னால் சிப் என்று வரிசையாக இருக்கின்றன. கடைசி இரண்டும் நல்ல நிலையில் இருந்து முதல் மூன்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கலாம்.

டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பார்த்தேன். துளையின் ஒரு பக்க விளிம்பில் மெல்லிய தகடு ஒன்று உள்ளே மடிந்து நின்றது. கேபினட்டின் முதுகில் பொருத்தும் ஐஓ ஷீல்டு தகட்டின் நாக்கு அது. கணினி பூட்டிப் பழக்கமுள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஸ்பிரிங் போன்ற சிறு நாக்குகள் இருக்கும். போர்ட்டின் உலோகக் கூட்டின் மேல் வெளிப்புறமாக அழுந்தி, கூட்டைக் கேபினட்டோடு மின்தொடர்பில் வைப்பது அவற்றின் வேலை. பலகையைச் சாய்த்து இறக்கும்போது நாக்கு வெளியே நிற்காமல் துளைக்குள் நுழைந்துவிடலாம். யூஎஸ்பி துளையில் அப்படி நடந்தால் பிளக்கே போகாது, உடனே தெரிந்துவிடும். ஈதர்நெட் துளை அகலமானது. பிளக் போகும், 'கிளிக்' சத்தமும் வரும். ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியபடி நிற்கும். ஓரத்திலிருக்கும் பின்கள் சரியாகத் தொடாது.

பலகையைக் கழற்றுவதற்கு முன் இதை அளந்து உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மல்டிமீட்டரும், வெட்டிப் போட மனமிருக்கும் ஒரு பழைய பேட்ச் கேபிளும் போதும். கணினியை ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது, பவர் கேபிளையே உருவிவிட வேண்டும். அணைந்த கணினியிலும் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை நெட்வொர்க் சிப்பை விழித்திருக்க வைக்கும்; கணினி அணைந்த பிறகும் போர்ட் விளக்கு எரிவது அதனால்தான். கேபிளை உருவிய பின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னூட்டத்தையும் வெளியேற்றினேன். (சிப் ஏதோ ஒரு குழப்ப நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால், சில சமயம் இது ஒன்றே அதைச் சரிசெய்துவிடும்.) பிறகு பேட்ச் கேபிளின் ஒரு முனையை வெட்டி, எட்டுக் கம்பிகளின் நுனியையும் உரித்து, மறுமுனையை போர்ட்டில் செருகினேன்.

போர்ட்டுக்குள் ஒவ்வொரு ஜோடியும் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் ஒன்றின் இரு முனைகளில் போய் முடிகிறது. சுருள் என்பது வெறும் செம்புக் கம்பி. ஆகவே ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு இடையே மீட்டர் ஓரிரு ஓம் காட்ட வேண்டும். ஆரஞ்சு ஜோடி காட்டியது. பச்சையும் நீலமும் காட்டின. பழுப்பு ஜோடி, அதாவது 7-8, திறந்த சுற்று. பிளக்கை விரலால் ஒரு பக்கமாக அழுத்தினேன். பழுப்பும் மற்றவற்றைப் போலவே ஓரிரு ஓமுக்கு வந்தது, விட்டதும் போனது. பலகையில் குறையில்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஈதர்நெட் போர்ட் சரியில்லை என்று சொல்லி மதர்போர்டைத் திருப்பி அனுப்ப நினைக்கும் யாரும், அதற்கு முன் இந்த ஒரு அளவை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருவி சாதாரணமானது; அது தரும் பதிலில் குழப்பமில்லை.

கழற்றும் வேலையில் விசேஷமாக எதுவுமில்லை: கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் கேபிள்கள், பலகையின் திருகுகள். பலகையைப் பின்பக்கத் தகட்டிலிருந்து சற்று முன்னால் நகர்த்தி ஷீல்டை எடுத்தேன். நாக்கை இடுக்கியால் வெட்டிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அது மின்காந்த இரைச்சலைத் தடுப்பதற்காக இருப்பது, வெட்டிய துண்டு பலகைக்கு அடியில் போய் விழுந்தால் வேறு ஆபத்தும் உண்டு. சற்று வெளிப்பக்கமாக வளைத்துவிட்டாலே போதும். துளைக்குள் எட்டுத் தங்க நிறக் கம்பிகளும் இணையாக, ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தேன், நின்றன. திரும்ப வைக்கும்போது போர்ட்டுகள் உள்ள பக்கத்தை முதலில் ஷீல்டுக்குள் நுழைத்து, பிறகு பலகையைப் படுக்க வைத்து, திருகை முடுக்குவதற்கு முன் வெளியிலிருந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஷீல்டு பலகையோடே இணைந்து வரும் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை.

பவர் கொடுத்ததும் எத்டூல் 1000 என்றது. கேபிளை ஆட்டிப் பார்த்தேன், மாறவில்லை.

இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இணைப்பின் வேகம் ஒரு வாக்குறுதிதான். உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளந்தால்தான் அது உண்மையா என்று தெரியும். லேப்டாப்புக்கும் இதற்கும் இடையே வேகத்தை அளக்கும் 'ஐபெர்ஃப்3' ஓட்டினேன். ஜிகாபிட்டில் 1500 பைட் பாக்கெட்டோடு டிசிபி-க்குக் கிடைக்க வேண்டியது சுமார் 941 மெகாபிட். கம்பியில் ஒவ்வொரு ஃப்ரேமும் இடைவெளியோடு சேர்த்து 1538 பைட் இடம் எடுக்கிறது. அதில் தரவு 1448 பைட். அந்த விகிதம்தான் இந்த எண். எனக்கு வந்ததோ 400-க்கும் 700-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது, மறு அனுப்புதல் எண்ணிக்கையும் ஏறியபடி இருந்தது.

எத்டூலில் புள்ளிவிவரம் கேட்டால் சிப் தன் கணக்குகளைக் கொடுக்கும். அதில் சிஆர்சி பிழை என்ற வரி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கூடியிருந்தது. ஃப்ரேம் வந்து சேர்ந்தது, ஆனால் வழியில் சிதைந்துவிட்டது, அதனால் சிப் அதைக் குப்பையில் போட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கை வாங்கும் பக்கம்தான் எண்ணும். சுழியத்தைத் தவிர வேறெந்த எண்ணும், அதுவும் ஏறிக்கொண்டே போகும் எண், வீட்டுக் கேபிளில் ஏற்கத்தக்கது அல்ல. கணினியைத் தொழிற்சாலையில் செய்த ஒரு குட்டிப் பேட்ச் கேபிளால் லேப்டாப்போடு நேராக இணைத்தேன்: இரு திசையிலும் 941, பிழை சுழியம். சுவரோரக் கேபிளில் லேப்டாப்பை வைத்து அதே சோதனையை ஓட்டினேன்: அங்கும் பிழை ஏறியது. முன்பு லேப்டாப்பில் வந்த 1000, நான்கு ஜோடியும் தொடர்போடு உள்ளன என்பதை மட்டும்தான் சொல்லியிருந்தது. சிக்னல் சுத்தமாக வருகிறதா என்பது வேறு கேள்வி.

கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி போன்ற பிளக் வழியாக நிற வரிசை தெரிந்தது. ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, அப்புறம் பச்சை-வெள்ளை, பச்சை, நீலம்-வெள்ளை, நீலம், பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பார்க்க அழகான வரிசை. மறுமுனையிலும் அதுவே. எட்டு விளக்கு ஒவ்வொன்றாக எரியும் சாதாரண டெஸ்டரில் போட்டால் ஒன்றிலிருந்து எட்டு வரை முறையாக எரிந்து தேறிவிடும். ஆனால் ஈதர்நெட்டில் ஒரு ஜோடி 3-லும் 6-லும் உட்கார வேண்டும், அவற்றுக்கு நடுவே 4-5 இன்னொரு ஜோடி. இந்தக் கேபிளில் 3-இல் பச்சை-வெள்ளை, 6-இல் நீலம். ஒரே சிக்னலின் போக்கும் வரவும் வெவ்வேறு முறுக்குகளில் போகின்றன. இதைப் பிளவு ஜோடி என்பார்கள். கம்பிகளை முறுக்குவதே, வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து வாங்கும் முனையில் கழிந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான். ஜோடியைப் பிரித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய், பச்சையும் நீலமும் ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்கத் தொடங்கும். ஜிகாபிட் சிப்பில் குறுக்குப் பேச்சைக் கழிக்கும் சுற்று உண்டு. குறைந்த தூரம் என்பதால் அது போராடி இணைப்பைப் பிடித்து வைத்திருந்தது. மிச்சம்தான் சிஆர்சி பிழையாக வந்தது.

இரு முனைகளையும் வெட்டி, புதிய பிளக்குகளை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப் செய்தேன்). டி568பி வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வெளி உறை பிளக்குக்குள் வந்து, அழுத்தும் பிடி உறையின் மேல் விழ வேண்டும், கம்பிகளின் மேல் அல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவரில் ஓடும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைக் கம்பி. பேட்ச் கேபிளில் பல இழை. இரண்டுக்கும் பிளக்கின் உள்ளே கடிக்கும் பல்லின் அமைப்பு வேறு. பல இழைக்கான பிளக்கை ஒற்றைக் கம்பியில் அடித்தால் அன்றைக்கு வேலை செய்யும், நாளாக ஆகத் தொடர்பு தளரும். ஒற்றைக் கம்பிக்கென்று சொல்லி வாங்கிய பிளக்கைத்தான் போட்டேன்.

இரு திசையிலும் 941. பெரிய கோப்பு நொடிக்கு 110 எம்பிக்கு மேல் ஓடியது. இரவு முழுவதும் காப்புப் பிரதி ஓடிய பின்னும் சிஆர்சி கணக்கு சுழியம்.

மீதமிருந்தது, இரவில் இந்தக் கணினியை வெளியிலிருந்து எழுப்பும் ஏற்பாடு. வேக்-ஆன்-லேன் பாக்கெட்டுக்குள் 6 பைட் எல்லாம் ஒன்றுகளாகவும், அதன்பின் மேக் முகவரி 16 முறையும் இருக்கும். ஆகவே பலகை மாறியதும் எழுப்பும் ஸ்கிரிப்டிலும் முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. பயாஸில் ஈஆர்பி என்ற மின்சேமிப்பு இயங்கினால் ஸ்டாண்ட்பை மின்சாரம் துண்டிக்கப்பட்டு சிப் பாக்கெட்டைக் கேட்காது, அதை அணைத்தேன். எத்டூலில் வேக்-ஆனை 'ஜி' என்று வைத்து, அதே சிஸ்டம்டி கோப்பிலேயே எழுதியும் வைத்தேன், இல்லையென்றால் அடுத்த முறை கணினி ஏறும்போது அது மறந்துபோகலாம். எழுப்பிப் பார்த்தேன், எழுந்தது.

ஸ்விட்சிலிருந்து கூடத்துக்குப் போகும் கேபிளும் இந்தச் சுவரோரக் கேபிளைப் போட்ட அதே சமயத்தில் போட்டதுதான். அதன் பிளக்கிலும் பச்சை, பச்சை, நீலம், நீலம் என்றே வரிசை தெரிகிறது. அங்கே இணையம் பார்க்கும் டிவி மட்டும் இருப்பதால் யாரும் குறை சொல்லவில்லை. கிரிம்பிங் டூல் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அந்த இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டுத்தான் அதை உள்ளே வைக்கப் போகிறேன்.